தறியும் தொட்டிலும்

“படிப்பு இவன் தலையில் எழுதவில்லை” என்ற தீர்ப்பை நமது ஊர்களில் எவ்வளவு எளிதாகச் சொல்லிவிடுகிறோம்! ஐந்து வயதுப் பாலகன் பள்ளிக்கூடத்தில் வாய் திறவாதிருந்தால் போதும். உபாத்தியாயர் சொல்கிறார், உறவினர் சொல்கிறார், கடைசியில் பெற்ற தகப்பனே சொல்கிறான். விசாரணை இல்லை, சாட்சியம் இல்லை, அப்பீலும் இல்லை. கொலைக் குற்றம் சாட்டப்பட்டவனுக்குக்கூட இவ்வளவு அவசரமாகத் தீர்ப்பு வழங்குவதில்லை. இந்தத் தீர்ப்பு செல்லுமா என்பதே இன்று நாம் நேயர்கள் முன் வைக்கும் கேள்வி.

இதைப் பொதுப்படையாகப் பேசாமல் ஓர் ஊரை முன்னிறுத்திப் பேசுவோம். திருத்தணிக்கு அண்மையில், ஆந்திர எல்லையை ஒட்டியிருக்கும் அம்மையார்குப்பம் ஒரு நெசவாளர் ஊர். விசைத்தறியின் ஓசை அவ்வூரின் மூச்சைப் போன்றது. இத்தகைய ஊர்களில் தறி ஓடும் வீட்டிலேயே அடுப்பு எரிகிறது. அடுப்பு எரியும் வீட்டிலேயே தூளியும் தொங்குகிறது. தகப்பன் தறியில் நிற்கிறான். தாய் தார் சுற்றுகிறாள். சிசு அந்த இரைச்சலின் நடுவே உறங்கி, விழித்து, அழுது, மீண்டும் உறங்குகிறது. அந்த மாதங்களில் அச்சிசுவின் மூளை என்ன ஆகிறது? மனிதக் குழந்தைகளைக் கூண்டில் அடைத்தும், தாயிடமிருந்து பிரித்தும் இதைச் சோதித்துப் பார்க்க எந்த நாகரிக தேசமும் இடங்கொடாது. ஆகையால் விஞ்ஞானிகள் பிராணிகளிடம் சென்றார்கள். அவற்றிடமிருந்து பெற்ற சாட்சியத்தை நாம் வரிசையாகப் பார்ப்போம். பிறகு குறுக்கு விசாரணையும் செய்வோம்.

முதற் சாட்சி, நெசவாளருக்குத் தொழில் முறையில் உறவினன் என்று சொல்லத்தக்க பறவை. நமது நாட்டுத் தூக்கணாங்குருவியின் வாழ்க்கையைப் பறவை ஆராய்ச்சியாளர் சாலிம் அலி 1930-ல் கொங்கணக் கரையிலுள்ள கிஹிம் கிராமத்தில் கவனித்து எழுதினார். ஆண் குருவி கூட்டைப் பாதி முடைகிறது. பெண் குருவி வந்து பார்த்து ஒப்பினால்தான் மீதி வேலை நடக்கிறது. இவ்வளவு நுட்பமான தொழிலை அக்குருவி யாரிடம் கற்றது? கடவுள் கொடுத்த பிறவி ஞானம் என்றே யாவரும் சொல்வோம். ஆனால் இதே இனத்தைச் சேர்ந்த ஆப்பிரிக்க நெசவுக்குருவியை அமெரிக்காவில் வளர்த்து ஆராய்ந்த நிக்கோலஸ் காலியாஸ், எல்சி காலியாஸ் தம்பதியர் 1964-ல் வெளியிட்ட முடிவு வேறு விதமானது. இளங்குருவிகள் பருவம் வருவதற்கு நெடுநாள் முன்பே இலைநாரைக் கிழிப்பதும், இழுப்பதும், கோணல்மாணலாக முடிச்சிடுவதுமாக விளையாடுகின்றன. அந்த நார் கிடைக்காதபடி வளர்க்கப்பட்ட குருவிகளோ, பின்னர் நாரைக் கொடுத்தபோது தம் வயதுத் தோழர்களுக்கு ஈடாக முடைய முடியாமல் திணறின. பழகப் பழகவே தேறின. பிறவியில் வந்தது விருப்பம். கைத்திறனைக் கொடுத்தது இளமையின் விளையாட்டு. விளையாட்டு வீண் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிப்பார்களாக.

இரண்டாவது சாட்சியம் இன்னும் நேரானது. கனடாவில் மனிடோபா சர்வகலாசாலையைச் சேர்ந்த கூப்பர், சுபெக் என்னும் இருவர் 1958-ல் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்யப்பட்ட இரண்டு எலிக் குலங்கள் அவர்களிடம் இருந்தன. ஒன்று, சிக்கலான வழிகளை விரைவில் கற்கும் ‘புத்திசாலிக்’ குலம். மற்றொன்று, தவறிக்கொண்டேயிருக்கும் ‘மந்தக்’ குலம். சாதாரணக் கூண்டில் வளர்ந்தபோது வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. ஆனால் இரு குலத்துக் குட்டிகளையும் ஒன்றுமில்லாத வெறுங் கூண்டில் வளர்த்தபோது, புத்திசாலிக் குலம் மந்தக் குலத்தைப் போலவே தவறிற்று. இரண்டையும் பலவகை விளையாட்டுப் பொருள்கள் நிறைந்த கூண்டில் வளர்த்தபோது, மந்தக் குலம் ஏறக்குறைய புத்திசாலிக் குலத்துக்குச் சமமாக உயர்ந்தது. பிறப்பினால் அறிவை அளக்கும் பேதைமை வேரூன்றிப்போன நமது தேசத்தில் இப்பரிசோதனையைப் பள்ளிக்கூடச் சுவர்தோறும் எழுதி வைக்கலாம்.

மூளைக்குள்ளேயே மாறுதல் நிகழ்கிறதா என்று பார்த்தவர்கள் கலிபோர்னியாவில் பெர்க்லி நகரத்து ரோசன்ஸ்வைக், பென்னட், கிரெச், மேரியன் டயமண்ட் ஆகியோர். தனிக் கூண்டில் வாடிய எலிகளையும், பத்துப் பன்னிரண்டு தோழர்களுடன் பெரிய கூண்டில், நாள்தோறும் மாற்றி வைக்கப்பட்ட விளையாட்டுப் பொருள்களோடு வளர்ந்த எலிகளையும் 1960-களில் அவர்கள் ஒப்பிட்டார்கள். இரண்டாவது வகை எலிகளின் மூளை மேற்பட்டை கனத்தும் தடித்தும் இருந்தது. வித்தியாசம் சில சதவிகிதமே. ஆயினும் பரிசோதனைக்குப் பரிசோதனை அது நிலைத்து நின்றது. மூளை வளராத கல்லன்று. வாழ்க்கை அதன்மேல் தன் கையெழுத்தை இடுகிறது என்பது அன்று முதல் ருஜுவாயிற்று.

மூன்றாவது சாட்சியம் தாயைப் பற்றியது. பிறந்த சில நாட்களில் எலிக்குட்டியைத் தினமும் சிறிது நேரம் கையில் எடுத்து வைத்திருந்து திருப்பிவிட்டால், அது வளர்ந்தபின் அச்சத்தையும் அதிர்ச்சியையும் எளிதில் தாங்குகிறது என்று சீமோர் லெவின் 1950-களில் கண்டார். கை பட்டதுதான் மருந்து என்று பலர் எண்ணினார்கள். ஆனால் மான்ட்ரியால் நகரத்து மைக்கேல் மீனியும் அவருடைய சகாக்களும் 1997-ல் காட்டியது யாதெனில், திரும்பி வந்த குட்டியைத் தாய் எலி முன்னிலும் அதிகமாக நக்கிக் கொடுக்கிறது என்பதும், தாயினால் அதிகம் நக்கப்பட்ட குட்டிகளின் உடலே அதிர்ச்சியை அளவோடு அடக்கக் கற்கிறது என்பதும்தான். நடு நடுவே ஓய்ந்து குட்டியைப் பேணத் தாய்க்கு நேரம் வேண்டும். பொழுது விடிந்தது முதல் விளக்கு அணையும்வரை தார் சுற்றும் தாய்க்கு அந்த நேரத்தை யார் கொடுக்கிறார்கள்?

நான்காவது சாட்சியம், அம்மையார்குப்பத்தார் தம் காதில் போட்டுக்கொள்ள வேண்டியது. சான்பிரான்சிஸ்கோவில் எட்வர்ட் சாங், மைக்கேல் மெர்சனிச் இருவரும் 2003-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், எலிக்குட்டிகளை இடைவிடாத இரைச்சலில் வளர்த்தார்கள். காதைப் பிளக்கும் இரைச்சலல்ல, நடுத்தரமானது. அக்குட்டிகளின் மூளையில் ஒலியைப் பகுத்தறியும் பகுதி உரிய காலத்தில் முதிரவில்லை. ஒரு ஸ்வரத்துக்கும் மற்றொரு ஸ்வரத்துக்கும் உரிய இடங்கள் ஒழுங்காகப் பிரியாமல், பருவம் தாண்டியும் குழந்தைநிலையிலேயே நின்றன. காரணம் விளங்குவதுதான்: இரைச்சல் மற்ற ஒலிகளையெல்லாம் மூடிவிட்டபடியால், கற்றுக்கொள்ளத் தெளிவான ஒலியே குட்டிகளுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அமைதியில் விட்டபின் அப்பகுதி முதிர்ந்தது என்பதையும் அதே ஆராய்ச்சி சொல்கிறது. அச்சமும் நம்பிக்கையும் ஒருங்கே தரும் சாட்சியம் இது.

கடைசிச் சாட்சியம் நமது தேசத்திலிருந்தே வருகிறது. பெங்களூர் நிம்ஹான்ஸ் என்னும் தேசிய மனநல, நரம்பியல் ஸ்தாபனத்தில் டி. ஆர். ராஜு, பி. எல். மேட்டி, சங்கரநாராயண ராவ் முதலியோர் 1990-கள் தொட்டு ஓர் அரிய ஆராய்ச்சி நடத்தினார்கள். மூளையில் இன்பத்துக்குரிய இடத்தில் நுண்ணிய கம்பியைப் பொருத்தி, எலி தானே மிதிகோலை அழுத்தி மின்தூண்டலைப் பெறும்படி செய்தார்கள். சில நாட்கள் இவ்வனுபவம் பெற்ற எலிகளின் நரம்பணுக்கள் புதிய கிளைகள் விட்டன. அணுவுக்கும் அணுவுக்கும் உள்ள சந்திப்புகள் பெருகின. அவை புதிய பாடங்களை விரைவில் கற்றன. நெடுநாள் துன்புறுத்தலால் சுருங்கிய கிளைகளும் ஞாபக சக்தியும் இத்தகைய இன்ப அனுபவத்தால் மீண்டன என்றும் அவர்கள் கண்டார்கள். பின்னர், 2009-ல், கம்பியும் மின்சாரமும் இல்லாமலே, தோழமையும் விளையாட்டுப் பொருள்களும் நிறைந்த கூண்டு ஒன்றே துன்புற்ற எலிகளின் கற்கும் திறனைத் திருத்துகிறது என்று அதே ஸ்தாபனத்தார் காட்டினார்கள். இவை இளங்குட்டிகளல்ல, வளர்ந்த எலிகள் என்பதை நேயர்கள் மறக்கலாகாது. வளர்ந்த மூளைக்கே மகிழ்ச்சி இவ்வளவு செய்யுமானால், வளரும் மூளைக்கு அது எவ்வளவு வேண்டியிருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

இனிக் குறுக்கு விசாரணை. “எலி வேறு, மனிதன் வேறு” என்பது எதிர்த்தரப்பின் முதல் வாதம். உண்மைதான். விசைத்தறி வீட்டின் இரைச்சல், பரிசோதனைச் சாலையின் இடைவிடாத இரைச்சலைப் போன்றதல்ல. மின்சாரம் நின்றால் தறியும் நிற்கிறது. எலியின் நாட்களைக் குழந்தையின் மாதங்களாகக் கணக்கிட எவருக்கும் அதிகாரமில்லை. ஆனால் மனிதக் குழந்தைகளிடமிருந்தும் நமக்குச் சாட்சியம் உண்டு. ஜமைக்காத் தீவின் கிங்ஸ்டன் நகரத்து ஏழைப் பகுதிகளில், வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளை எடுத்துக்கொண்டு, சிலருடைய வீடுகளுக்குச் சுகாதார ஊழியர்கள் வாரந்தோறும் சென்று, வீட்டில் செய்த சாமான்களைக் கொண்டே குழந்தையோடு விளையாடவும் பேசவும் தாய்க்குச் சொல்லிக் கொடுத்தார்கள். 1980-களில் இரண்டே ஆண்டுகள் நடந்த வேலை இது. ஏறக்குறைய 20 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, அவ்வாறு உதவி பெற்ற குழந்தைகள் பெறாதவர்களைக் காட்டிலும் 25 சதவிகிதம் அதிகமாகச் சம்பாதித்தார்கள் என்ற முடிவு 2014-ல் வெளியாயிற்று. இதைவிட நல்ல வட்டி தரும் பாங்கி எங்கே இருக்கிறது?

இரண்டாவது வாதம், “காலம் கடந்துவிட்டது” என்பது. பிறந்த சில மாதங்களில் ஒரு கண் மூடப்பட்ட பூனைக்குட்டி, பிற்பாடு கண்ணைத் திறந்துவிட்டாலும் அக்கண்ணால் காணும் சக்தியைப் பெரும்பாலும் இழந்துவிடுகிறது என்று ஹியூபெலும் வீசலும் 1960-களில் கண்டு, 1981-ல் நோபல் பரிசும் பெற்றார்கள். ஆகவே சில திறமைகளுக்குக் கெடு உண்டு என்பது மெய். ஆனால் அக்கெடு கோர்ட்டுக் கெடுவைப் போல ஒரு நாளில் முடிந்துவிடுவதன்று. பவன் சின்ஹா என்ற இந்திய விஞ்ஞானி தொடங்கிய ‘பிரகாஷ்’ திட்டத்தின் கீழ், பிறவியிலேயே பார்வை இழந்திருந்த வட இந்தியக் குழந்தைகள் எட்டு வயதுக்கும் மேலே சிகிச்சை பெற்றுப் பார்க்கக் கற்றுக்கொண்டார்கள். பார்வை குறையின்றி வந்ததென்று சொல்வதற்கில்லை, ஆனால் வந்தது. இளமையில் செய்வது எளிது, பின்னர் செய்வது கடினம். எப்போதும் வீண் என்பது மட்டும் பொய்.

இந்தச் சாட்சியங்களைக் காட்டிக் கடை விரித்திருக்கும் ஒரு கூட்டத்தாரைப் பற்றியும் எச்சரிப்பது நமது கடமை. ‘நடுமூளையை எழுப்புகிறோம்’ என்று சொல்லிப் பெற்றோரிடம் ஆயிரக்கணக்கான ரூபாய் வாங்கிக்கொண்டு, குழந்தைகளின் கண்ணைக் கட்டிப் புத்தகம் படிக்க வைக்கும் வித்தை நமது நகரங்களில் சில ஆண்டுகளாக நடந்து வந்திருக்கிறது. கட்டுத்துணிக்கும் மூக்குக்கும் நடுவேயுள்ள இடுக்கு வழியாகப் பார்ப்பதே அதன் ரகசியம் என்று மங்களூர்ப் பகுத்தறிவாளர் ஸ்ரீ நரேந்திர நாயக் போன்றோர் பலமுறை அம்பலப்படுத்தியிருக்கிறார்கள். இம்மோசடிக்கு எலியின் பேரில் பழி போடுவது அநியாயம். பெர்க்லி நகரத்துப் பெரிய கூண்டை எண்ணிப் பாருங்கள். வயலிலும் வரப்பிலும் ஓடித் திரியும் காட்டு எலியின் வாழ்வோடு ஒப்பிட்டால் அதுவும் ஏழைக் கூண்டுதான். ஆகவே அப்பரிசோதனைகள் காட்டுவது, செல்வக் குழந்தைக்கு இன்னும் எதைத் திணிக்கலாம் என்பதையன்று. இயற்கையாகக் கிடைக்க வேண்டியது கிடைக்காமற்போனால் எவ்வளவு நஷ்டம் என்பதையே. தோழர்கள், தொட்டுப் பார்க்கப் பொருள்கள், ஓடி ஆட இடம், காதில் விழத் தெளிவான பேச்சு, பேணுவதற்கு நேரமுள்ள தாய்: இவற்றுள் எதையும் விலைக்கு விற்கும் கடை கிடையாது. இல்லாதவனுக்கு இவற்றைச் செய்து கொடுப்பது சமூகத்தின் பொறுப்பு.

தமிழ்நாடு இப்பொறுப்பை அறியாத ராஜ்யமன்று. 1956-ல் காமராஜரும், 1982-ல் எம். ஜி. ராமச்சந்திரனும் குழந்தையின் வயிற்றுக்கு வழி செய்தார்கள். 2022-ல் பள்ளிகளில் காலைச் சிற்றுண்டியும் வந்தது. 54,000-க்கு மேற்பட்ட அங்கன்வாடிகள் இங்கே இருக்கின்றன. ஆனால் மையத்துக்கு வந்து பாட்டும் கதையும் கேட்பது சற்று வளர்ந்த குழந்தைதான். அதற்குக் குறைந்த வயதுடைய சிசுவுக்குச் சத்துமாவுப் பொட்டலம் வீட்டுக்குப் போகிறது. மூளை மிகுந்த வேகத்தில் வளரும் முதல் ஆண்டுகளில், வயிற்றுக்கு மாவும் மூளைக்கு ஒன்றுமில்லாமையும் என்பது பாதி நியாயம். பிறப்பு முதல் மூன்று வயதுவரை விளையாட்டின் மூலமும் பேச்சின் மூலமும் வளர்ச்சியைத் தூண்டும் ‘நவசேதனா’ என்ற வழிகாட்டியை மத்திய சர்க்கார் 2024-ல் வெளியிட்டிருக்கிறது. 36 மாதங்களுக்கும் மாதவாரியாகச் செய்ய வேண்டியவை அதில் வகுக்கப்பட்டிருக்கின்றன. நல்ல காகிதந்தான், காகிதம் தூளியை ஆட்டாது. பதிவேடுகளாலும் கைப்பேசிக் கணக்குகளாலும் கைகட்டப்பட்டிருக்கும் அங்கன்வாடி ஊழியருக்கு வீடு வீடாகச் சென்று தாயோடு உட்கார்ந்து பேச நேரம் கொடுத்தாலொழிய அது உயிர் பெறாது.

ஆகவே நமது கோரிக்கைகளைத் தெளிவாகச் சொல்கிறோம். நெசவாளர் தெருக்களில் அங்கன்வாடியோடு சேர்ந்த பகல் காப்பகம் வேண்டும். தறி ஓடும் நேரத்தில் சிசு அங்கே அமைதியில் இருக்கட்டும். விசைத்தறிக்கு 2 மாதத்துக்கு 1,000 யூனிட் இலவச மின்சாரம் என்று 2023-ல் உயர்த்திக் கொடுத்த சர்க்காருக்கு, தறிக்கும் தூளிக்கும் நடுவே ஒரு சுவர் எழுப்ப உதவுவது பெரிய காரியமன்று. தொழிற்சாலைச் சட்டம் தொழிலாளியின் செவியை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது; தூளியில் கிடக்கும் சிசு தொழிலாளியன்று என்பதால் அதன் செவிக்குக் காவல் இல்லாமற்போகலாகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, கூலி. நெசவாளர் கூலி உயர்வு கேட்கும்போது அது சேலைக்கும் சோற்றுக்குமான வழக்கு என்று மட்டும் எண்ணாதீர்கள். தாய் ஒரு மணி நேரம் தார் சுற்றுவதை நிறுத்திக் குழந்தையோடு பேசுவதற்கான விலையும் அக்கூலியில் அடங்கியிருக்கிறது.

பெற்றோர் சர்க்காரை எதிர்பார்த்துக் காத்திருக்கவும் வேண்டியதில்லை. தூளியைத் தறியறையிலிருந்து இயன்றவரை தள்ளிக் கட்டலாம். தறி ஓய்ந்த வேளையில் பாட்டி எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது பேசிக்கொண்டே குளிப்பாட்டலாம். தமிழும் தெலுங்கும் தெருவில் ஒலிக்கும் எல்லை ஊரில் இரண்டையும் குழந்தை கேட்கட்டும். இரண்டு மொழி ஒரு பாரமன்று. உடைந்த நாடாவும், காலியான நூற்கட்டையும், அலுமினியக் கிண்ணமும் போதுமான விளையாட்டுச் சாமான்கள். கூர்முனையைத் தட்டி, வாயில் போட்டு விழுங்க முடியாததாகப் பார்த்துக் கொடுத்தால் சரி. தகப்பனும் இதில் பங்கு கொள்ள வேண்டும். குழந்தையோடு பேசுவது ஆண்மைக்கு இழுக்கன்று.

அரசியல் தொண்டர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. இந்தத் திருத்தணி வட்டாரம் தமிழகத்தோடு சேர வேண்டுமென்று ம. பொ. சிவஞானம் முதலியோர் போராடி, 1960 ஏப்ரல் 1-ல் அது கைகூடியது. மண்ணுக்காகச் சிறை சென்ற மரபு உங்களுடையது. அந்த மண்ணில் பிறக்கும் குழந்தையின் முதல் மூன்று ஆண்டுகளுக்காக, ஆண்டுக்கு ஆறு முறை கூடும் கிராம சபையில் எழுந்து நின்று மூன்று கேள்விகள் கேட்க உங்களால் முடியாதா? நமது ஊரில் மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைகள் எத்தனை? அவர்களுள் தறியறையில் தூங்குவோர் எத்தனை? சென்ற மாதம் அங்கன்வாடி ஊழியர் எத்தனை வீடுகளுக்குப் போக முடிந்தது? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் செய்யுங்கள். அடுத்த சபையில் அதே கேள்விகளை மீண்டும் கேளுங்கள்.

கூண்டை மாற்றியபோது ‘மந்தக் குலம்’ என்ற பெயர் பொய்யாயிற்று. நமது நெசவாளர் தெருவில் நாம் இன்னும் கூண்டை மாற்றிப் பார்க்கவேயில்லை. அதைச் செய்து பார்க்கும்வரை, எந்தக் குழந்தையையும் பார்த்துப் படிப்பு தலையில் எழுதவில்லை என்று சொல்ல உபாத்தியாயருக்கும் உரிமையில்லை, தகப்பனுக்கும் உரிமையில்லை, சர்க்காருக்கும் உரிமையில்லை.